சிறு தகடு, பெருஞ்செலவு

மறைமலை நகரில் கார் உற்பத்தியைக் கைவிடுவதாக ஃபோர்டு நிறுவனம் 2021 செப்டம்பரில் அறிவித்தது. மறு ஆண்டே உற்பத்தி நின்றது. ஆயினும், அங்கே உருவான ஐகான், எக்கோஸ்போர்ட் போன்ற கார்கள் நம் சாலைகளில் இன்னும் ஓடுகின்றன. அவற்றின் ஆயுள் இனி பராமரிப்பைப் பொருத்தது.

என்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் இடையில் அமர்ந்துள்ள மெல்லிய தகடுதான் ஹெட் கேஸ்கட். சிலிண்டரின் அழுத்தம் கசியாமலும், ஆயிலும் கூலன்ட்டும் ஒன்றோடொன்று கலவாமலும் காப்பது அதன் பணி. கூலன்ட் குறைந்து என்ஜின் கொதித்தால் அலுமினிய ஹெட் நெளியும், கேஸ்கட் பழுதாகும். ஓயாத வெண்புகை, பால் கலந்த காப்பிபோல் மாறிய ஆயில், வெளியே ஒழுகாமலே குறையும் கூலன்ட் ஆகியவை அதன் அறிகுறிகள்.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் நான் கவனிப்பது செலவின் அமைப்பை. கேஸ்கட்டின் விலை குறைவு; என்ஜினைப் பிரித்துப் பூட்டும் கூலியே மிகுதி. ஆகவே, ஹெட்டை லேத் பட்டறையில் சமதளம் பார்க்காமலும், ஒருமுறை மட்டுமே பயன்படும் போல்ட்டுகளை மாற்றாமலும் மிச்சம் பிடிப்பவர் அதே கூலியை மறுபடியும் தர நேரும். கொதித்ததற்கான மூலக் காரணம் தெர்மோஸ்டாட்டா, விசிறியா, வாட்டர் பம்ப்பா என்று கண்டறியாவிட்டாலும் அதே கதிதான்.

பழைய காரைச் செப்பனிடுவதா, விற்பதா? இதுவரை செலவிட்டதை மறந்துவிட்டு, இனி ஆகும் செலவையும் கிடைக்கும் பயனையும் மட்டுமே எடைபோட வேண்டும். எனினும், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது வாரம் ஒருமுறை கூலன்ட் அளவைப் பார்ப்பதற்குச் செலவே இல்லை. வெப்பமானி முள் ஏறினால், வீடு பக்கம்தானே என்று எண்ணாமல் ஜி.எஸ்.டி. சாலையோரமே வண்டியை நிறுத்துவதுதான் உண்மையான சிக்கனம்.