ஏழு வீடுகளில் ஓர் ஊர்: வே ரெபோ தரும் படிப்பினை

மலைகளுக்கு இடையே தனித்து வாழும் சிற்றூர்களை முன்னேற்றுவது எப்படி என்பது வளரும் நாடுகள் பலவும் எதிர்நோக்கும் வினா. சாலை, பள்ளி, மருத்துவ வசதி ஆகியவற்றை அவ்வூர்களுக்குக் கொண்டு செல்வது ஒரு வழி. மக்களையே சாலையோரத்திற்குக் கொண்டு வந்து குடியேற்றுவது மற்றொரு வழி. முதல் வழியில் செலவு மிகுதி. இரண்டாவது வழியில், பல தலைமுறைகளாக ஈட்டிய அறிவும் கூட்டு வாழ்வும் சிதைந்துபோகும் அபாயம் உண்டு. இவ்விரண்டுக்கும் இடையே தனக்கென ஒரு வழியை வகுத்துக் கொண்ட சிற்றூர் ஒன்று இந்தோனேஷியாவின் புளோரஸ் தீவில் இருக்கிறது. அதன் பெயர் வே ரெபோ. ஏழே வீடுகளைக் கொண்ட இவ்வூரின் வரலாறு, வளர்ச்சிப் பணியில் ஈடுபட்டோர் ஊன்றி நோக்கத்தக்கது.

தீவும் ஊரும்

ஜாவாவுக்குக் கிழக்கே வரிசையாக அமைந்துள்ள சிறிய சுந்தா தீவுகளில் புளோரஸும் ஒன்று. எரிமலைகள் நிறைந்த நீண்ட, குறுகிய தீவு இது. நிர்வாக முறையில் கிழக்கு நுசா தெங்காரா மாநிலத்தைச் சேர்ந்தது. தீவின் மேற்குப் பகுதியில் மங்கராய் இன மக்கள் வாழ்கின்றனர். அவர்களுடைய மொழியும் மங்கராய் என்றே வழங்குகிறது. 20ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்க சமயம் இங்குப் பரவி வேரூன்றியது. எனினும் முன்னோர் வழிபாட்டுச் சடங்குகளை மக்கள் கைவிடவில்லை.

மங்கராய் மாவட்டத்தின் தென்மேற்கில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரத்தில், காடு சூழ்ந்த பள்ளத்தாக்கு ஒன்றில் வே ரெபோ அமைந்துள்ளது. மங்கராய் மொழியில் 'வே' என்பது நீரைக் குறிக்கும் சொல். தங்கள் முன்னோர் மேற்கே சுமாத்ராவின் மினாங்கபாவ் நாட்டிலிருந்து வந்தவர்கள் என்பது ஊர் மக்களின் வாய்வழி மரபு. வாகனம் செல்லக்கூடிய சாலை நெடுங்காலம் டெங்கே என்னும் ஊரோடு முடிந்துவிட்டது. அங்கிருந்து ஓடைகளைக் கடந்து, காட்டு வழியே மூன்று அல்லது நான்கு மணி நேரம் ஏறித்தான் ஊரை அடைய வேண்டும். பிற்காலத்தில் சாலை சற்று நீட்டிக்கப்பட்டதால் நடை குறைந்தது. ஆயினும் இறுதிப் பகுதியை இன்றும் நடந்தே கடக்க வேண்டும்.

வீட்டின் அமைப்பு

இவ்வூர் வீடுகள் 'ம்பாரு நியாங்' எனப்படுகின்றன. வட்டமான அடித்தளத்தின் மீது எழும் கூம்பு வடிவ வீடுகள் இவை. இவற்றுக்குத் தனியே சுவர் கிடையாது. புல்லும் பனைநாரும் வேய்ந்த கூரை உச்சியிலிருந்து ஏறக்குறைய நிலம் வரை இறங்கிச் சுவராகவும் பயன்படுகிறது. மரமும் மூங்கிலும் சட்டத்திற்கு. அவற்றைப் பிணைப்பதற்குப் பிரம்பு. ஆணி பயன்படுத்துவதில்லை.

ஒரு வீட்டினுள் ஐந்து தளங்கள் உண்டு. தரைக்குச் சற்று உயரே அமைந்த முதல் தளத்தில் மக்கள் வாழ்கின்றனர். அதற்கு மேலுள்ள தளம் உணவுப் பொருள்களையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் வைப்பதற்குரியது. மூன்றாவது தளத்தில் அடுத்த பருவத்திற்கான விதைகளைச் சேமிக்கின்றனர். விளைச்சல் பொய்க்கும் காலத்திற்கான உணவு இருப்பு நான்காவது தளத்தில் இருக்கும். உச்சியிலுள்ள ஐந்தாவது தளம் முன்னோர்க்குப் படையல் வைக்கும் இடமாகும். இவ்வகையில் ஒரு வீடே குடியிருப்பாகவும் தானியக் களஞ்சியமாகவும் விதைக் கிடங்காகவும் வழிபாட்டிடமாகவும் விளங்குகிறது. அடுப்பை வீட்டின் நடுப்பகுதியில் அமைக்கின்றனர். அதிலிருந்து எழும் புகை மேலே பரவி, மரத்தையும் கூரையையும் விதைகளையும் பூச்சி அரிக்காமல் காக்கிறது.

ஒவ்வொரு வீட்டிலும் ஆறு முதல் எட்டுக் குடும்பங்கள் கூடி வாழ்வது மரபு. ஏழு வீடுகளுள் பெரியது முரசு வீடு. ஊரின் முரசுகளும் பரம்பரைப் பொருள்களும் அதில் பாதுகாக்கப்படுகின்றன. ஊர்க் கூட்டமும் அங்கேயே நடைபெறுகிறது. வீடுகள் ஒரு முற்றத்தைச் சூழ்ந்து வளைவாக நிற்கின்றன. முற்றத்தின் நடுவில் 'சொம்பாங்' எனப்படும் வட்டமான கல்மேடை உள்ளது. ஆண்டுதோறும் நவம்பரில் 'பெந்தி' என்னும் நன்றி விழா இம்முற்றத்தில் கொண்டாடப்படுகிறது. விழாவிற்காகக் கீழே வாழும் உறவினரும் மேலே வந்து கூடுகின்றனர்.

வீடும் வயலும்

மங்கராய் மக்களிடையே முரசு வீடு என்பது வெறும் கட்டடம் அன்று. அது நில உரிமையின் அடையாளமும் ஆகும். 'லிங்கோ' எனப்படும் பொது நிலத்தை மரபுப்படி பங்கிடும்போது, அதன் நடுவில் ஒரு புள்ளியைக் குறித்து, அங்கிருந்து வெளிப்புற எல்லை வரை கோடுகள் வகுப்பர். ஒவ்வொரு குடும்பத்திற்கும் கிடைக்கும் பங்கு நடுவில் குறுகியும் ஓரத்தில் அகன்றும் இருக்கும். முழு வயலையும் குன்றின் மேலிருந்து நோக்கினால் சிலந்தி வலை போலத் தோன்றும். மாவட்டத் தலைநகரான ருத்தெங்கிற்கு மேற்கே, சஞ்சார் என்னும் இடத்தில் இத்தகைய நெல் வயல்களை இன்றும் காணலாம். பங்கீட்டை நடத்துவதற்கெனத் தனித் தலைவர் உண்டு. அவருடைய அதிகாரம் முரசு வீட்டோடு பிணைந்தது. ஆகவே, முரசு வீடு அழிந்தால் அழிவது கூரை மட்டும் அன்று. நிலப் பங்கீட்டையும் வழக்குத் தீர்வையும் தாங்கி நின்ற நிறுவனமும் அதனுடன் தளர்ந்துவிடும்.

வீடுகள் குறைந்த வரலாறு

முற்காலத்தில் மங்கராய் நாடெங்கும் பல குடும்பங்கள் கூடி வாழும் பெரிய வீடுகள் இருந்தன. டச்சு ஆட்சிக் காலத்தில், இருட்டும் புகையும் நிறைந்த கூட்டு வீடுகள் உடல்நலத்திற்கு ஏற்றவை அல்ல என்று அதிகாரிகள் கருதினர். குடும்பத்திற்கு ஒன்றாகச் சதுர வீடுகளைச் சாலையோரத்தில் கட்டிக்கொள்ளுமாறு வற்புறுத்தினர். விடுதலைக்குப் பின்னரும் இப்போக்கு தொடர்ந்தது. 1979ஆம் ஆண்டின் கிராம நிர்வாகச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒரே வகையான ஊராட்சி அமைப்பை விதித்தது. தீவுக்குத் தீவு வேறுபட்ட மரபு அமைப்புகளுக்கு அச்சட்டத்தில் இடம் இல்லை.

அதிகாரிகளின் கவலையைத் தவறென்று ஒதுக்கிவிட இயலாது. புகை நிறைந்த வீட்டில் சமைப்போர்க்கும் குழந்தைகளுக்கும் தீங்கு உண்டு. ஆனால் வீட்டின் புகையைக் கண்ட கண்கள், அதே வீட்டின் மூன்றாம் தளத்திலிருந்த விதையையும் நான்காம் தளத்திலிருந்த பஞ்சகால உணவையும் காணத் தவறின. சாலைக்கு எட்டாத தொலைவில் இருந்தமையால் வே ரெபோ இம்மாற்றத்தினின்று பெரிதும் தப்பியது. ஆயினும் வறுமையினின்று தப்பவில்லை. பெரிய மரங்களை வெட்டிக் கொணரவும், கூரைக்கு வேண்டிய புல்லைச் சேர்க்கவும், வேலை நாள்களில் ஊராருக்கு உணவளிக்கவும் பெரும் செலவு பிடிக்கும். அது இயலாதபோது வீடுகள் ஒவ்வொன்றாக வீழ்ந்தன. 2008ஆம் ஆண்டளவில் ஏழில் நான்கே எஞ்சியிருந்தன. அவற்றிலும் சில உடனே செப்பனிட வேண்டிய நிலையில் இருந்தன.

புனரமைப்பு நடந்த முறை

அவ்வாண்டில் யோரி அந்தார் என்னும் கட்டடக் கலைஞரின் தலைமையில் ஜகார்த்தாவிலிருந்து ஒரு குழுவினர் வே ரெபோவுக்கு வந்தனர். வீடுகளின் நிலையைக் கண்ட அவர்கள் நன்கொடையாளரின் உதவியைத் திரட்டினர். 2011ஆம் ஆண்டுக்குள் ஏழு வீடுகளும் மீண்டும் எழுந்தன. 2012இல் யுனெஸ்கோ நிறுவனம் ஆசிய-பசிபிக் மரபுச் சின்னப் பாதுகாப்புக்கென வழங்கும் விருதுகளுள் உயர்ந்த சிறப்பு விருது இப்பணிக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டில் ஆகா கான் கட்டடக் கலை விருதுக்கான இறுதிப் பட்டியலிலும் இது இடம்பெற்றது.

விருதைவிடப் பணி நடந்த முறையே நமக்கு முக்கியமானது. கட்டட வரைபடம் தலைநகரிலிருந்து வரவில்லை, ஒப்பந்தக்காரரும் அமர்த்தப்படவில்லை. வீட்டின் அளவும் மூட்டுகளின் அமைப்பும் ஊர் மூத்தோரின் நினைவில் இருந்தன. அவர்கள் வழிகாட்ட, இளைஞர்கள் மரம் அறுத்தனர், பிரம்பு கட்டினர், கூரை வேய்ந்தனர். வெளியிலிருந்து வந்த கட்டடக் கலை மாணவர்கள் ஒவ்வொரு படியையும் அளந்து, வரைந்து, பதிவு செய்தனர். பொதுவாக வல்லுநர் கற்பிக்க, மக்கள் கற்பர். இங்கு அது தலைகீழாயிற்று. பழுதடைந்த வீட்டைப் பிரித்துக் கட்டியதே ஒரு பயிற்சிப் பள்ளியாக அமைந்தது. வெளியார் தந்த பணம் மக்களிடம் இருந்த திறனுக்குத் துணை நின்றது; அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை.

இது ஏன் இன்றியமையாதது என்பதைக் கூரையை எண்ணிப் பார்த்தால் உணரலாம். மழை மிகுந்த மலையில் புல் கூரை நிலையானது அன்று. அவ்வப்போது மாற்றியே ஆக வேண்டும். வீடு கட்டத் தெரிந்தவர் ஊரில் இல்லையெனில், எத்துணைப் பெரிய நன்கொடையும் ஒரு தலைமுறைக்கு மேல் பயன் தராது.

இரட்டை ஊர்

வீடுகளின் எண்ணிக்கை ஏழுக்கு மேற்படக்கூடாது என்பது மரபு. மக்கள்தொகை பெருகும்போது என் செய்வது? இதற்கு ஊர் மக்கள் கண்ட தீர்வு கொம்போ என்னும் கீழூர். மலையடிவாரத்தை ஒட்டிய அவ்வூரில், வே ரெபோவைச் சேர்ந்த குடும்பங்கள் பல குடியேறின. பள்ளி அங்கே உள்ளது. ஆறு வயதை எட்டிய குழந்தைகள் மேலூரிலிருந்து இறங்கி, கொம்போவில் உறவினருடன் தங்கிக் கல்வி பயில்கின்றனர். விடுமுறையிலும் விழாக் காலத்திலும் மலை ஏறித் திரும்புகின்றனர். கீழூரில் வாழ்வோர்க்கும் மேலூர் வீடுகளில் உரிமை நீடிக்கிறது.

இந்த ஏற்பாடு அரசுத் திட்டத்தில் உருவானதன்று, தேவையில் பிறந்தது. பள்ளியின் பயனைப் பெறுவதற்கு மேலூரைக் கைவிட வேண்டியதில்லை என்று அது காட்டியது. எனினும் இதற்கு விலை இல்லாமல் இல்லை. சிறு வயதிலேயே குழந்தைகள் பெற்றோரைப் பிரிகின்றனர். தாயின் அருகிலிருந்து நெசவையும், தந்தையின் அருகிலிருந்து காட்டு மரங்களின் தன்மையையும் கற்க வேண்டிய ஆண்டுகள் கீழே கழிகின்றன. உயர்கல்வி பெற்று நகரங்களுக்குச் செல்வோர் திரும்பி வந்து கூரை வேய்வார்களா என்பது, வீடுகளின் எதிர்காலத்தையே முடிவு செய்யும் வினாவாகும்.

காப்பியும் விருந்தினரும்

வே ரெபோவின் முதன்மையான வருவாய்ப் பயிர் காப்பி. ஊரைச் சுற்றியுள்ள சரிவுகளில் அராபிக்கா, ரொபஸ்டா ஆகிய இருவகையும் விளைகின்றன. நெடுங்காலம் விளைச்சலைத் தலைச்சுமையாகவே கீழே கொண்டு சென்றனர். பெண்கள் 'சொங்கே' என்னும் மரபு ஆடையை நெய்கின்றனர். விருது பெற்ற பின்னர் உள்நாட்டிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் பயணிகள் மிகுதியாக வரத் தொடங்கினர். வருவோர் முதலில் முரசு வீட்டிற்குச் சென்று, மூத்தோர் நடத்தும் வரவேற்புச் சடங்கில் பங்கு கொள்ள வேண்டும். அதன் பின்னரே படம் எடுக்கவும் உலவவும் அனுமதி உண்டு. தங்குவோர்க்கு வீட்டிலேயே பாயும் உணவும் அளித்து, அதற்கென வகுத்த கட்டணத்தை ஊர் அமைப்பின் வழியே பெறுகின்றனர். தனியார் விடுதிகள் மேலூர் முற்றத்தில் எழவில்லை.

சுற்றுலா வருவாய் வரவேற்கத்தக்கதே. ஆனால் அதனை மட்டும் நம்புவது ஆபத்து என்பதை 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்று உலகெங்கும் உணர்த்தியது. விருந்தினர் வராத காலத்திலும் விளைவது காப்பிச் செடி. ஆகவே காப்பியைப் பதப்படுத்தி நல்ல விலைக்கு விற்க உதவுவது, பயணிகளின் எண்ணிக்கையைப் பெருக்குவதைவிட உறுதியான முதலீடு எனலாம்.

சட்டமும் சிற்றூரும்

1979ஆம் ஆண்டின் ஒரே அச்சுமுறை 1999இல் அதிகாரப் பரவல் சட்டத்தால் முடிவுக்கு வந்தது. 2014ஆம் ஆண்டின் 6ஆம் எண் சட்டம் மேலும் ஒரு படி சென்று, மரபுவழி ஊராட்சிகளை ஏற்பதற்கு வழி செய்தது. 2015 முதல் மத்திய வரவு செலவுத் திட்டத்திலிருந்து ஊராட்சிகளுக்கு நேரடியாக நிதி வழங்கப்படுகிறது. ஆனால் நிர்வாகக் கணக்கில் வே ரெபோ நெடுங்காலமாகச் சத்தார் லெண்டா என்னும் ஊராட்சியின் ஒரு குக்கிராமமாகவே இருந்து வந்துள்ளது. அத்தகைய அமைப்பில் நிதியைப் பற்றிய முடிவு ஊராட்சியில். வீட்டையும் நிலத்தையும் பற்றிய முடிவு முரசு வீட்டில். இவ்விரண்டும் இசைந்து செல்லும் இடத்தில்தான் நிதி பயன் தரும். சட்டம் தரும் ஏற்பைத் தாளில் உள்ள உரிமையாக விட்டுவிடாமல், மரம் வெட்ட அனுமதி, கூரைப் பழுதுக்கு மானியம், பள்ளி விடுதி போன்ற நடைமுறைகளாக மாற்ற வேண்டிய பொறுப்பு மாவட்ட நிர்வாகத்தைச் சார்ந்தது.

முடிவாக

வே ரெபோவைப் பிற இடங்களில் அப்படியே பின்பற்ற இயலாது. ஏழு வீடுகளும் ஒரே முன்னோர் மரபும் எல்லா ஊர்க்கும் வாய்ப்பதில்லை. ஆயினும் திட்டம் வகுப்போர் அங்கிருந்து மூன்று செய்திகளை எடுத்துக்கொள்ளலாம். முதலாவது, ஓர் அமைப்பை மாற்றும் முன் அது ஆற்றிவரும் பணிகள் அனைத்தையும் கணக்கிட வேண்டும். இரண்டாவது, உதவி என்பது உள்ளூர்த் திறனை வளர்க்கும் வகையில் அமைய வேண்டும். கட்டி முடித்த வீட்டைவிடக் கட்டத் தெரிந்த கைகள் மதிப்புடையவை. மூன்றாவது, கல்வியும் மரபும் ஒன்றை ஒன்று விலக்குவன அல்ல. ஆனால் அவற்றுக்கிடையே உள்ள மலைப்பாதையைக் குழந்தைகளே நடந்து கடக்கட்டும் என்று விட்டுவிடலாகாது. மேலூரில் தொடக்க வகுப்புகள், கீழூரில் நல்ல விடுதி, பள்ளிப் பாடத்தில் வீடு கட்டும் கலைக்கும் ஓர் இடம் ஆகியவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல. அடுத்த முறை ஒரு கூரை பழுதடையும்போது அதை மாற்ற அறிந்த இளைஞர் ஊரில் இருந்தால், இத்திட்டம் வெற்றி பெற்றது என்று அப்போது உறுதியாகக் கூறலாம்.