வயரிங்கா, பிளம்பிங்கா? உடம்பையும் கேட்டு முடிவெடுங்கள்

போருக்குப் பின் வன்னியில் எழுந்த வீடுகளில் வேலை இன்னும் முடியவில்லை. இந்திய வீட்டுத்திட்டத்தில் புது வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா கிடைத்தது. சுவரும் கூரையும் எழும்பின. பல வீடுகளில் மிச்ச வேலை பிறகு பார்ப்போம் என்று நின்றது. இப்போது சனம் கையில் காசு வரவர ஒவ்வொன்றாகச் செய்கிறது.

கிளிநொச்சிப் பக்கம் வயரிங் வேலை செய்யும் என்னிடம், வயரிங் பழகுவதா பிளம்பிங் பழகுவதா என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. எதில் காசு கூட என்று பார்க்கமுன், உங்கள் உடம்பு எதற்கு இடங்கொடுக்கும் என்று பாருங்கள் என்பேன். எங்களில் பலரின் உடம்பில் போர் இன்னும் இருக்கிறது.

குழாய் வேலையில் மண் வெட்டவேண்டும், மணிக்கணக்கில் குனியவேண்டும், பாரம் தூக்கவேண்டும். முதுகில் செல்துண்டோடு இருப்பவருக்கு அது கடினம். கணக்கும் தேவை. 1,000 லீற்றர் தாங்கி நிரம்பினால் தண்ணீரே ஒரு தொன்; அதைத் தாங்கும் மேடை வேண்டும். 10 மீற்றர் உயரத் தண்ணீர்தான் ஏறக்குறைய 1 பார் அமுக்கம் தரும். மலசலகூடக் குழியைக் கிணற்றுக்குக் கிட்ட வெட்டினால் வீடே நோயில் விழும்.

வயரிங்கில் பாரம் குறைவு, ஆபத்து கூட. 230 வோல்ற்று கண்ணுக்குத் தெரியாது. பழைய வீடுகளில் சிவப்பும் கறுப்பும், புதியவற்றில் மண்ணிறமும் நீலமும். நிறம் பிரித்தறியாத கண்ணுக்கு இது ஆகாது. தலையில் காயப்பட்டு வலிப்பு வருபவர் ஏணியில் ஏறவே கூடாது. கால் இழந்தவருக்கு ஏணி சிரமம் என்றாலும், இருந்தபடியே மோட்டர் வைண்டிங், மின்சாதனம் திருத்துதல் செய்யலாம். நிலக்கசிவுக்கு 30 மில்லியம்பியரில் விழும் ட்ரிப் சுவிட்ச் இல்லாமல் எந்த வீட்டையும் முடித்துக் கொடுக்காதீர்கள். அது உயிர் காக்கும்.

முடிவெடுக்கமுன் இரண்டு வேலைக்கும் ஒவ்வொரு கிழமை உதவியாளாகப் போய்வாருங்கள்.

இடப்பெயர்வில் படிப்பு நின்றுபோனது என்று பின்வாங்கவேண்டாம். இரண்டு தொழிலுக்கும் என்.வி.கியூ. சான்றிதழ் உண்டு. ஏற்கனவே வேலை தெரிந்தவர்கள், அனுபவத்தைச் சோதித்துச் சான்றிதழ் தரும் முறையில் விண்ணப்பிக்கலாம். அங்கே பார்ப்பது கைவேலையை. தொழிற்பயிற்சி அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். செய்த வேலைகளின் படங்களை இன்றிலிருந்தே சேர்த்து வையுங்கள்.