கோதுமை ஆகாதவர் கடல் கடந்து போகும்போது



மகன், மகளைப் பார்க்கவும் சரக்கு பார்க்கவும் சிங்கப்பூர் போய் வருவது இன்று நம் ஊர்களில் சாதாரணமாகிவிட்டது. அப்படிப் புறப்படுகிறவர்களில் சிலர் நம் கடைப்படி ஏறி, "அண்ணாச்சி, கோதுமை துளியும் கலக்காத சாமானாகப் பார்த்துக் கொடுங்கள்" என்று கேட்கிறார்கள். இதை நாகரிகப் பத்தியம் என்று நினைத்து அலட்சியமாகக் கட்டிக் கொடுப்பவர்களும் உண்டு. அது தவறு. விஷயம் என்ன என்று பார்ப்போம்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. மாவைப் பிசைந்தால் இழுபட்டு வருவது இதனால்தான். சீலியாக் என்ற நோய் உள்ளவர்களுக்கு இது உள்ளே போனால், உடலின் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலின் உட்புறத்தை அரித்துவிடும். சாப்பிட்டது உடலில் ஒட்டாது. வயிற்றுப்போக்கு, இரத்தசோகை, எடைக்குறைவு வரும். பிள்ளைகளுக்கு வளர்ச்சி நின்றுபோகும். 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பஞ்சம் வந்து ரொட்டி கிடைக்காதபோது இந்நோயுள்ள குழந்தைகள் தேறியதைக் கவனித்தவர் டிக்கே என்ற குழந்தை மருத்துவர். கோதுமைதான் காரணம் என்பதை அவரே பின்னர் நிலைநாட்டினார். இதற்கு இன்றைக்கும் பத்தியம்தான் வைத்தியம். அதுவும் ஆயுள் முழுவதும்.

சந்தேகம் மட்டும் உள்ளவர்கள் தாமாகக் கோதுமையை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குப் போகக் கூடாது. நிறுத்திவிட்டால் இரத்தப் பரிசோதனையில் நோய் தெரியாமல் போகலாம். முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பயணம் உறுதியானதும் செய்ய வேண்டியவை:

மருத்துவரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். விமான டிக்கெட் எடுக்கும்போதே குளூட்டன் இல்லாத உணவு உண்டா என்று கேட்டுப் பதிவு செய்து, புறப்படுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பு மறுபடி உறுதி செய்துகொள்ள வேண்டும். அப்படியும் தவறிப்போனால் பட்டினி கிடக்கக் கூடாது. கைப்பையில் பொரி, அவல், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி இருக்கட்டும். தயிர், ஊறுகாய் போன்றவை 100 மில்லிக்கு மேல் கைப்பையில் போகாது.

போய் இறங்கும் ஊரும் அரிசிச் சோறு உண்ணும் ஊர்தானே என்று ஏமாந்துவிடக் கூடாது. அங்கே சமையலுக்கு ஊற்றும் சோயா சாஸ் பெரும்பாலும் கோதுமை சேர்த்துப் புளிக்கவைத்தது. மஞ்சள் நூடுல்ஸ் கோதுமை. பீஹூன் அரிசியில் செய்தது என்றாலும், சோயா சாஸ் ஊற்றி, கோதுமை நூடுல்ஸ் வதக்கிய அதே சட்டியில் வதக்கினால் பயனில்லை. எனவே "கோதுமை, பார்லி, சோயா சாஸ் எனக்கு ஆகாது, சட்டியைக் கழுவிச் சமைக்கவும்" என்று ஆங்கிலத்திலும் சீனத்திலும் மலாயிலும் எழுதிய அட்டை ஒன்று சட்டைப்பையில் இருப்பது நல்லது. அந்நாட்டுச் சட்டப்படி பாக்கெட் உணவுகளில் குளூட்டன் உள்ள தானியம் சேர்ந்திருந்தால் லேபிளில் சொல்லியாக வேண்டும். படித்துப் பார்த்து வாங்கலாம்.

இனி நம் பொறுப்புக்கு வருவோம். அரிசி, பருப்பு, கேழ்வரகு, சோளம், தினை எதிலும் குளூட்டன் இல்லை. ரை என்பதைச் சிலர் கம்பு என்று மொழிபெயர்த்து விடுகிறார்கள். ரை வேறு, நம் கம்பு வேறு. கம்பு தாராளமாகச் சாப்பிடலாம். ரவை, மைதா, சேமியா, மால்ட் கலந்த பானங்கள் ஆகாது. இதுவரை எல்லோரும் அறிந்ததே.

பலருக்குத் தெரியாதது பெருங்காயம். ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஈரானிலிருந்தும் வரும் பிசின் அப்படியே கடைக்கு வருவதில்லை. மாவும் கோந்தும் சேர்த்துத்தான் கட்டியாகவும் தூளாகவும் வருகிறது. அந்த மாவு பல சரக்கில் கோதுமை மாவு. சிலவற்றில் அரிசி மாவு. டப்பாவைத் திருப்பிப் படித்தால் தெரிந்துவிடும். சாம்பார்ப்பொடி, ரசப்பொடி, அப்பளம், முறுக்கு எல்லாவற்றிலும் இந்தப் பெருங்காயம் இருக்கிறது. வீட்டுச் சாம்பாரே ஆகாமல் போவது இதனால்தான்.

அடுத்தது மாவு மில். கோதுமை அரைத்த மிஷினில் அடுத்து அரைக்கும் கேழ்வரகு மாவில் கோதுமை கலந்தே வரும். மைதா அள்ளிய முறத்தால் அரிசி மாவை அள்ளினாலும் அப்படித்தான். குளூட்டன் இல்லாதது என்று லேபிள் ஒட்ட நம் நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் அளவு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள்தான். ஒரு மூட்டையில் ஒரு பிடி என்ற கணக்கெல்லாம் இங்கே செல்லாது.

ஆகவே இப்படி ஒருவர் கேட்டு வந்தால், சில்லறையாக நிறுத்துக் கொடுக்கும் மாவைக் கொடுக்காதீர்கள். லேபிள் உள்ள பாக்கெட்டைக் கொடுங்கள். அல்லது முழுத் தானியமாகக் கொடுத்து, வீட்டிலேயே கழுவி உலர்த்தி மிக்சியில் அரைக்கச் சொல்லுங்கள். உறுதியாகத் தெரியாத சரக்கை "தெரியாது" என்று சொல்லிவிடுங்கள். அதனால் பத்து ரூபாய் வியாபாரம் போகலாம். ஆனால் முன்பின் தெரியாத ஊரில் ஒரு பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுப்பதற்கு நம் கடைச் சரக்கு காரணமாகக் கூடாது. நம் வாய்ச்சொல்லை நம்பித்தான் அவர்கள் பெட்டி கட்டுகிறார்கள்.