மொட்டை மாடியில் ஒரு கம்பி, மேஜையில் ஒரு கம்ப்யூட்டர்: ஹாம் ரேடியோவுக்கு டைபோல் ஆன்டெனா

உங்கள் வீட்டு வை-பை பெட்டியின் பின்புறம் இரண்டு மூன்று குச்சிகள் நீட்டிக் கொண்டிருக்கும். அவைதான் ஆன்டெனாக்கள். வை-பை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 செ.மீ. அதில் பாதி நீளம், அதாவது சுமார் 6 செ.மீ. உள்ள சிறிய கம்பி அமைப்புதான் பல குச்சிகளுக்குள் இருக்கிறது. இதற்கு அரை அலை டைபோல் என்று பெயர். 1887-ல் ஜெர்மனியில் ஹைன்ரிச் ஹெர்ட்ஸ் ரேடியோ அலைகளை உண்டாக்கிக் காட்டியபோது பயன்படுத்தியதும் நடுவில் இடைவெளி விட்ட இரண்டு கம்பிகளைத்தான். உங்கள் ப்ராசசரின் வேகத்தைச் சொல்லும் கிகாஹெர்ட்ஸில் உள்ள ஹெர்ட்ஸ் அவர் பெயர்தான்.

இதே டைபோலை 20 மீட்டர் நீளத்துக்குப் பெரிதாக்கி மொட்டை மாடியில் கட்டினால் அது ஹாம் ரேடியோ ஆன்டெனா. கட்டுவது சுலபம். அது சரியாக வேலை செய்கிறதா என்று கண்டுபிடிப்பதுதான் முன்பு கடினமாக இருந்தது. இன்று அந்த வேலையை வீட்டுக் கம்ப்யூட்டரே செய்துவிடும். எப்படி என்று பார்ப்போமா?

ஏன் இந்தச் சிரமம்?

செல்போன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். 2004 டிசம்பரில் ஹாம் ரேடியோ நிகழ்ச்சி ஒன்றுக்காக பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு அந்தமான் சென்றிருந்தது. அவர்கள் போர்ட் பிளேரில் (2024 முதல் இதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) இருந்தபோதுதான் டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கியது. தொலைபேசித் தொடர்புகள் அறுந்த நிலையில், தீவுகளில் இருந்தவர்களைப் பற்றிய செய்திகளை அந்தக் குழு ரேடியோ மூலம் அனுப்பியது. டவர், எக்ஸ்சேஞ்ச், இன்டர்நெட் எதுவும் இல்லாமல் ஒரு செட்டும் பேட்டரியும் ஆன்டெனாவும் இருந்தால் போதும் என்பதே ஹாம் ரேடியோவின் பலம்.

ஆனால் ஆன்டெனா சரியாக இருக்கிறதா என்று புயல் அடிக்கும் நாளில் சோதிக்க முடியாது. வெயில் நாளிலேயே சோதித்து வைத்திருக்க வேண்டும்.

ஒரு முக்கியக் குறிப்பு. ஹாம் ரேடியோவில் சிக்னல் அனுப்ப மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை வழங்கும் உரிமம் கட்டாயம். 12 வயது நிறைந்தவர்கள் இதற்கான தேர்வை எழுதலாம். உரிமம் கிடைத்ததும் வி.யு. என்ற எழுத்துகளில் தொடங்கும் அழைப்புக் குறி தருவார்கள்.

நீளம் எவ்வளவு?

143 என்ற எண்ணை மெகாஹெர்ட்ஸில் உள்ள அதிர்வெண்ணால் வகுத்தால், கம்பியின் மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும். நாம் 40 மீட்டர் பேண்டை எடுத்துக் கொள்வோம். இந்திய ஹாம்களுக்கு இதில் 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரை இடம் உண்டு. நடுவில் உள்ள 7.1-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் 20.14 மீட்டர் வரும். இதை இரண்டாகப் பிரித்தால் ஒரு கைக்கு 10.07 மீட்டர்.

ஆனால் வெட்டும்போது ஒவ்வொரு கையையும் 10.5 மீட்டராக வெட்டுங்கள். கம்பியின் மேலுள்ள பிளாஸ்டிக் உறை, தரையிலிருந்து உயரம், பக்கத்துச் சுவரில் உள்ள இரும்புக் கம்பிகள் எல்லாம் கணக்கைச் சற்று மாற்றிவிடும். நீளமான கம்பியைக் குறைப்பது எளிது. குட்டையாகிவிட்டால் ஒட்டுப் போட வேண்டியிருக்கும்.

தேவையான பொருட்கள்

* வீட்டு வயரிங்குக்குப் பயன்படும் 1.5 ச.மி.மீ. காப்பர் ஒயர், 21 மீட்டர்
* ஆர்.ஜி.58 கோஆக்சியல் கேபிள், தேவையான நீளம். இது 50 ஓம் கேபிள். கேபிள் டி.வி.க்கு வரும் ஆர்.ஜி.6 என்பது 75 ஓம். ஹாம் செட்டுகள் 50 ஓமுக்காகச் செய்யப்பட்டவை என்பதால் முதல் ஆன்டெனாவுக்கு ஆர்.ஜி.58 நல்லது
* பீங்கான் இன்சுலேட்டர் மூன்று. கிடைக்காவிட்டால் பி.வி.சி. பைப் துண்டுகளில் துளை போட்டுக் கொள்ளலாம்
* நைலான் கயிறு, ஒரு கம்பம், செட்டுக்கு ஏற்ற கனெக்டர்

கட்டுவது எப்படி?

இரண்டு கம்பம் நட இடமில்லாத வீடுகளுக்குத் தலைகீழ் வி அமைப்பு ஏற்றது. நடு இன்சுலேட்டரை ஒரே கம்பத்தின் உச்சியில் கட்டி, இரண்டு கைகளையும் இருபுறமும் சரிவாக இறக்கிக் கட்ட வேண்டும். கைகளுக்கு இடையே உள்ள கோணம் 90 டிகிரிக்குக் குறையக் கூடாது. கேபிளின் நடுக் கம்பியை ஒரு கையிலும், வெளிப் பின்னலை மறு கையிலும் சால்டர் செய்யுங்கள். இணைப்பில் மழைநீர் இறங்காதபடி டேப் சுற்றி மூடுங்கள். பின்னலில் தண்ணீர் ஏறினால் கேபிளே வீணாகிவிடும்.

இணைப்புக்குச் சற்றுக் கீழே, கேபிளை அரை அடி விட்டத்தில் சுமார் 10 சுற்றுகள் சுற்றிக் கட்டுங்கள். இதற்கு சோக் என்று பெயர். இது இல்லாவிட்டால் கேபிளின் வெளிப் பின்னலும் ஆன்டெனாவாக மாறி, சிக்னல் அறைக்குள்ளேயே வந்துவிடும். அனுப்பும் பட்டனை அழுத்தியதும் மவுஸ் நின்று போவது, ஸ்பீக்கர் உறுமுவது, யு.எஸ்.பி. இணைப்பு அறுபடுவது எல்லாம் இதனால் வரும் தொல்லைகளே.

உயரம் எவ்வளவு? 7.1 மெகாஹெர்ட்ஸில் கால் அலை சுமார் 10.5 மீட்டர். அந்த உயரத்திலோ அதற்குக் கீழோ கட்டினால், சிக்னலின் பெரும்பகுதி மேல்நோக்கிச் சென்று அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும். பகல் நேரத்தில் சில நூறு கிலோமீட்டர் சுற்றளவுக்கு இது நல்லது. சென்னையிலிருந்து மதுரை, கோவைக்குப் பேச இந்த உயரம் போதும்.

உயிருக்குப் பாதுகாப்பு

1. மின்வாரியக் கம்பிகள் அருகே இருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம். கம்பமோ ஒயரோ எந்தப் பக்கம் அறுந்து விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரம் இருக்க வேண்டும். தெருவுக்குக் குறுக்கே ஒயரைக் கட்டவே கூடாது.
2. சிக்னல் அனுப்பும்போது டைபோலின் முனைகளில் அதிக மின்னழுத்தம் இருக்கும். தொட்டால் தோல் கருகும். துணி காயப்போட வருபவர்களுக்கும் குழந்தைகளுக்கும் எட்டாத உயரத்தில் முனைகளைக் கட்டுங்கள்.
3. இடி மின்னல் வரும் முன்பே கேபிளைச் செட்டிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள். செட்டோடு இணைந்திருக்கும் கம்ப்யூட்டரையும் இதுதான் காப்பாற்றும்.
4. தனியாக மாடியில் ஏறிக் கம்பம் நிமிர்த்த வேண்டாம்.

முதல் சோதனை: மல்டிமீட்டர்

செட்டை இணைக்கும் முன், கேபிளின் கீழ் முனையில் நடு ஊசிக்கும் வெளி வளையத்துக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். பீப் ஒலி வரக் கூடாது. வந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. பெரும்பாலும் கனெக்டர் சால்டரிங்கில்தான் இந்தப் பிழை இருக்கும். பிறகு மேல் முனையில் இரண்டு கைகளையும் ஒரு கிளிப் ஒயரால் இணைத்துவிட்டு மீண்டும் பாருங்கள். இப்போது பீப் ஒலி வர வேண்டும். பார்த்ததும் கிளிப்பை எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது சோதனை: நானோ வி.என்.ஏ.

செட்டிலிருந்து போகும் சக்தியில் ஒரு பகுதி ஆன்டெனாவில் இறங்காமல் திரும்பி வரலாம். அதைக் காட்டும் அளவு எஸ்.டபிள்யூ.ஆர். இது 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. 1.5 என்றால் 4 சதவீதம், 2 என்றால் 11 சதவீதம், 3 என்றால் 25 சதவீதம் திரும்புகிறது. 2-க்குக் கீழே இருந்தால் போதும். 1-ஐ எட்டியே தீர வேண்டும் என்று நாள் முழுக்கப் போராட வேண்டியதில்லை.

இதை அளக்க நானோ வி.என்.ஏ. என்ற கையடக்கக் கருவி இருக்கிறது. யு.எஸ்.பி. மூலம் கம்ப்யூட்டரில் இணைத்து, நானோ வி.என்.ஏ. சேவர் என்ற இலவச சாப்ட்வேரை இன்ஸ்டால் செய்து கொள்ளுங்கள். தொடக்கம் 6.5, முடிவு 7.5 மெகாஹெர்ட்ஸ் என்று கொடுங்கள். கருவியோடு வரும் ஓபன், ஷார்ட், 50 ஓம் லோடு ஆகிய மூன்றையும் ஒவ்வொன்றாக மாட்டி காலிபரேஷன் செய்யுங்கள். பிறகு ஆன்டெனா கேபிளை மாட்டி ஸ்வீப் பட்டனைக் கிளிக் செய்தால் ஒரு பள்ளம் போல் கிராப் வரும். பள்ளத்தின் அடிப்பகுதி எந்த அதிர்வெண்ணில் இருக்கிறது என்று பாருங்கள்.

பள்ளம் 6.80-ல் இருப்பதாக வைத்துக் கொள்வோம். கம்பி நீளமாக இருக்கிறது என்று அர்த்தம். 10.5-ஐ 6.80-ஆல் பெருக்கி 7.10-ஆல் வகுத்தால் 10.06. ஒவ்வொரு கையிலும் சுமார் 44 செ.மீ. குறைய வேண்டும். உடனே வெட்டிவிடாதீர்கள். முதலில் 30 செ.மீ. மடித்து, கம்பியின் மேலேயே இறுக்கிச் சுற்றிவிட்டு அளந்து பாருங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மடியுங்கள். இரண்டு கைகளையும் சம அளவில் குறைக்க வேண்டும். நானோ வி.என்.ஏ. மாட்டியிருக்கும் கேபிளில் ஒருபோதும் செட்டை இணைத்து அனுப்பக் கூடாது. கருவி எரிந்துவிடும்.

கிராப் நன்றாக இருந்தால் போதுமா?

போதாது. 50 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைக் கேபிள் முனையில் மாட்டினாலும் எஸ்.டபிள்யூ.ஆர். 1 என்றுதான் காட்டும். ஆனால் அதிலிருந்து ஒரு சிக்னலும் வெளியே போகாது. சக்தி முழுவதும் சூடாக மாறிவிடும். தண்ணீர் இறங்கிக் கெட்டுப்போன கேபிளும் சக்தியை வழியிலேயே விழுங்கி, நல்ல அளவைக் காட்டி ஏமாற்றும். சிக்னல் யார் காதிலாவது விழுகிறதா என்று பார்த்தால்தான் சோதனை முழுமையாகும்.

மூன்றாவது சோதனை: விஸ்பர்

இயற்பியலுக்கான 1993 நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜோ டெய்லர் ஒரு ஹாம். அவர் 2008-ல் வெளியிட்டதுதான் விஸ்பர். பெயருக்கேற்ப இது கிசுகிசுப்பான சிக்னல். உங்கள் அழைப்புக் குறி, இருப்பிடக் குறியீடு, சக்தி அளவு ஆகிய மூன்றை மட்டும் ஏறத்தாழ 111 விநாடிகளில் மெதுவாக அனுப்பும். 5 வாட்டோ அதற்குக் குறைவோ போதும். உலகெங்கும் உள்ள ஹாம்களின் கம்ப்யூட்டர்கள் இதைக் கேட்டு, யார் எவ்வளவு பலமாகக் கேட்டார்கள் என்பதை இன்டர்நெட்டில் ஏற்றிவிடும். சில நிமிடங்களில் உலக வரைபடத்தில் கோடுகளாகப் பார்க்கலாம்.

இதற்கு டபிள்யூ.எஸ்.ஜே.டி.-எக்ஸ் என்ற சாப்ட்வேரை இலவசமாக டவுன்லோட் செய்யலாம். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். புதிய செட்டுகள் பலவற்றில் யு.எஸ்.பி. ஒயரே போதும். பழைய செட்டுக்கும் சவுண்ட் கார்டுக்கும் இடையே ஓர் இன்டர்பேஸ் பெட்டி தேவை. இருப்பிடக் குறியீடு நான்கு எழுத்து கொண்டது. சென்னை நகரின் மையப்பகுதி என்.கே.03, மதுரை எம்.ஜே.99. 40 மீட்டர் பேண்டில் செட்டை 7.0386 மெகாஹெர்ட்ஸில், யு.எஸ்.பி. மோடில் வைக்க வேண்டும். இங்கே யு.எஸ்.பி. என்பது அப்பர் சைடுபேண்ட். கம்ப்யூட்டரில் பென் டிரைவ் மாட்டும் யு.எஸ்.பி. அல்ல. உங்கள் உரிமம் அனுமதிக்கும் முறைகளையும் சக்தியையும் சரிபார்த்த பிறகே அனுப்புங்கள்.

இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. முதலாவது, கடிகாரம். விஸ்பர் சிக்னல் இரட்டைப்படை நிமிடங்களின் தொடக்கத்தில் கிளம்பும். கம்ப்யூட்டர் கடிகாரம் இரண்டு விநாடி தவறினாலே பயனில்லாமல் போகலாம். விண்டோஸ் 10, 11-ல் செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்வேஜ், டேட் அண்ட் டைம் சென்று சிங்க் நவ் கிளிக் செய்யவும். இரண்டாவது, சவுண்ட். விண்டோஸ் எழுப்பும் டிங் டாங் ஒலிகளை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் அவையும் சேர்ந்து ஒலிபரப்பாகும்.

காலையில் இரண்டு மணி நேரம், இரவில் இரண்டு மணி நேரம் என்று சில நாள் ஓட்டிப் பாருங்கள். அயனி மண்டலம் தினமும் ஒரே மாதிரி இருக்காது. ஒரு நாள் ரிப்போர்ட் குறைந்தால் உடனே ஆன்டெனாவைக் குறை சொல்ல வேண்டாம். உங்கள் ஊரில் இன்னொரு ஹாமும் அதே நேரம் விஸ்பர் அனுப்பினால் இருவரின் ரிப்போர்ட்டுகளையும் ஒப்பிடுங்கள். சக்தி வித்தியாசத்தையும் கணக்கில் சேர்த்தால் ஆன்டெனாவின் உண்மையான தரம் தெரிந்துவிடும்.

கம்ப்யூட்டரே வில்லன் ஆகலாம்

தூரத்துச் சிக்னல்கள் போய்ச் சேருகின்றன, ஆனால் உங்களுக்கு எதுவும் கேட்கவில்லையா? இரைச்சலின் ஊற்று உங்கள் மேஜையிலேயே இருக்கலாம். கம்ப்யூட்டர் பவர் சப்ளை, லேப்டாப் அடாப்டர், மொபைல் சார்ஜர், எல்.இ.டி. விளக்கு, யு.பி.எஸ். எல்லாமே ரேடியோ இரைச்சலை உண்டாக்கக் கூடியவை. செட்டை பேட்டரியில் ஓடவிட்டு, ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். எதை அணைத்ததும் இரைச்சல் அடங்குகிறதோ அதன் ஒயரில் பெரைட் மாட்டுங்கள். பழைய மானிட்டர் கேபிளின் முனையில் உருளையாக ஒரு குமிழ் இருக்குமே, அதுதான் பெரைட். கழற்றி மாட்டக் கூடிய வகையும் கிடைக்கிறது.

உரிமம் இன்னும் வாங்காதவர்கள், நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் உள்ள வெப் எஸ்.டி.ஆர். ரிசீவரை பிரவுசரிலேயே திறந்து ஹாம்களின் பேச்சைக் கேட்கலாம். எந்த பேண்ட் எந்த நேரத்தில் உயிரோடு இருக்கிறது என்று புரிந்துகொள்ள இது நல்ல பயிற்சி.

கடைசியாக ஒரு வேலை. எக்ஸெலில் ஒரு ஷீட் திறந்து, தேதி, கம்பியின் நீளம், பள்ளம் விழுந்த அதிர்வெண், எஸ்.டபிள்யூ.ஆர்., அன்று எந்தெந்த ஊர்களில் கேட்டது என்று எழுதி வையுங்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் ஒரு முறையும், மழைக்காலம் முடிந்து ஜனவரியில் ஒரு முறையும் அளந்து ஒப்பிடுங்கள். எண்கள் மாறியிருந்தால் முதலில் நடு இணைப்பில் சுற்றிய டேப்பைப் பிரித்துப் பாருங்கள். தண்ணீர் இறங்குவது பெரும்பாலும் அங்கேதான்.