கணக்கேட்டினுள் களை

வைகறைப் பொழுதிற் பாவூர்சத்திரத்துக் காய்கறிச் சந்தையைக் கண்டோர் அதன் ஆரவாரத்தை எளிதில் மறவார். சுற்றூர்களினின்று வந்திறங்கும் தக்காளியும் வெண்டையும் கத்தரியும் ஏலம் போய், செங்கோட்டை வழியாகக் கேரள நாட்டிற்கும் ஏகுகின்றன. முன்னாளிற் பேரேட்டில் எழுதிய கமிஷன் கடைக் கணக்கு, இந்நாளிற் கணிப்பொறியில் எக்ஸெல் விரிதாளாக ஏறுகின்றது. உழவர் பெறும் தொகை அத்தாளின் எண்களையே சார்ந்திருத்தலின், அது தூயதாயிருத்தல் இன்றியமையாதது.

சென்ற விடுமுறையில் ஒரு கடையார் தம் கணக்குக் கோப்பை எம்மிடம் காட்டினர். திறக்குந்தோறும், "இதனுள் மேக்ரோ உளது" என்னும் கருத்துடைய எச்சரிக்கை தோன்றிற்று. தாம் அங்ஙனம் ஒன்றும் எழுதியதில்லையென்றும், உழவர் கணக்கை எவரேனும் மாற்றுகின்றனரோ என அஞ்சுவதாகவும் அவர் கூறினர். யாம் ஆராய்ந்தவாறு பிறர்க்கும் பயன்படுமென ஈண்டு வரைகின்றோம்.

மேக்ரோ என்பது யாது? பன்முறை செய்யும் ஒரு வேலையைக் கணிப்பொறி தானே செய்யுமாறு எழுதிவைக்கும் கட்டளைத் தொகுதியே அஃது. ஏவலாள் நல்லனாயின் வீட்டிற்கு நலம், கள்வனாயின் கேடு. 1996ஆம் ஆண்டில் எக்ஸெலைப் பற்றிய 'லரூ' என்னும் நச்சுநிரல், எக்ஸெலின் தொடக்கக் கோப்புறையில் ஒரு கோப்பாக ஒளிந்திருந்து, திறக்கப்படும் பிற கோப்புகளிலும் தன்னைப் படியெடுத்துப் பரவிற்று. 1999 மார்ச்சில் 'மெலிஸ்ஸா' என்பது வேர்டு ஆவணத்தின் வழியே புகுந்து, முகவரிப் புத்தகத்திலிருந்த ஐம்பதின்மர்க்குத் தன்னைத் தானே அஞ்சல் செய்தது. இணையத்தினின்று வரும் கோப்புகளின் மேக்ரோக்களை மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் 2022இல் இயல்பாகவே தடுக்கத் தொடங்கியமைக்கு இத்தகைய கேடுகளே காரணம்.

நிற்க. தேடும் முறையைக் கூறுவாம். முதலிற் கோப்பிற்கு ஒரு படி எடுத்துவைக்க. மேக்ரோவை இயங்கவிடும் பொத்தானைத் தொடற்க. பின்னர் ஆல்ட் விசையோடு எஃப்11 விசையை அழுத்தின் நிரல் எழுதும் சாளரம் திறக்கும். அதன் இடப்பக்கத்தே கோப்பின் உறுப்புகள் நிரலாகத் தோன்றும். மாட்யூல்களை மட்டுமன்றி, ஒவ்வொரு தாளின் பெயரையும், முழுக் கோப்பையும் குறிக்கும் 'திஸ் ஒர்க்புக்' என்பதனையும் இருமுறை சொடுக்கி நோக்குக. என்னை? கோப்புத் திறந்தவுடன் தானே இயங்கும் கட்டளை பெரும்பாலும் ஆங்கே இருக்கும். ஆல்ட், எஃப்8 விசைகள் காட்டும் பட்டியலில் அது வாராது. எக்கோப்பைத் திறப்பினும் அதே மேக்ரோ தோன்றுமாயின், 'பர்சனல்' என்னும் மறைகோப்பில் அது தங்கியிருத்தல் கூடும்.

நீக்குமுறை எளிது. வேண்டாத மாட்யூலை வலச்சொடுக்கி நீக்குக. வேறிடத்திற் சேமிக்கவோ என்னும் வினாவிற்கு 'இல்லை' என்க. தாளின் கீழுள்ள கட்டளைகளைத் தெரிந்தெடுத்து அழித்தல் வேண்டும். மேக்ரோ ஒன்றும் வேண்டாதார் கோப்பை எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவிற் சேமித்தால் யாவும் ஒருங்கே ஒழியும். 2007இல் வந்த அவ்வடிவம் மேக்ரோவை ஏலாது.

யாமும் அவ்வெளிய வழியையே செய்யப் புகுந்தோம். நல்வேளையாக முதலில் உள்ளே நோக்கினோம். ஆங்கு மாட்யூல்கள் இரண்டு இருந்தன. ஒன்று வெறுமையானது, வெற்று மாட்யூலும் எச்சரிக்கையை எழுப்ப வல்லது. மற்றொன்று விற்பனைச் சீட்டை அச்சிடுவது. முன்னிருந்த கணக்கர் எழுதிச் சென்ற அதனையே கடையார் நாடோறும் ஒரு பொத்தானால் இயக்கிவந்தார். அப்பொத்தானின் பின் நிற்பது மேக்ரோ என அறியார். யாம் அனைத்தையும் துடைத்திருப்பின், மறுநாள் ஏலத்தின் நடுவே சீட்டின்றி உழவர் காத்து நின்றிருப்பர். களையைப் பிடுங்கப் புகுந்து கோதுமையையும் வேரோடு பறித்துவிடாதபடி எச்சரித்த நம் ஆண்டவரின் உவமை அப்பொழுது எம் நினைவில் எழுந்தது.

வெற்று மாட்யூலை மட்டும் நீக்கினோம். மற்றதை வரிவரியாகப் படித்து, தொகையை மாற்றும் கட்டளை அதனுள் இல்லையெனக் கண்டோம். எச்சரிக்கை இன்றும் தோன்றுகின்றது. ஆயினும் கடையாரது அச்சம் நீங்கிற்று. தம் வீட்டிலுள்ள ஏவலாள் இன்னான் என்று அவர் இப்பொழுது அறிவார். அறியாததை அழித்தலினும், அறிந்து களைதலே அறிவுடைமை.