பதினாறு வயதில் ஓவியம்: எதைக் கற்பிப்பது?

மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கு ஓவியம் சொல்லித்தருவதில் இரண்டு கட்சிகள் உண்டு. முதலில் கை பழகட்டும். நிழலும் ஒளியும், பெர்ஸ்பெக்டிவும், வண்ணக் கலவையும் படியட்டும். சொந்தப் பாணியைக் கல்லூரியில் பார்த்துக்கொள்ளலாம் என்பது ஒரு கட்சி. விதிகளைத் திணித்தால் கற்பனை கருகிவிடும், மனம்போல வரைய விடுங்கள் என்பது மற்றது. நுட்பம் வேறு, தனித்தன்மை வேறு என்று நினைப்பதில் இரண்டும் ஒன்றுதான். அந்தப் பிரிவினைதான் கோளாறு என்பேன். ஒரு கோட்டைத் தடிப்பாக இழுப்பதா, நிழலை வைப்பதா விடுவதா என ஓவியர் கணந்தோறும் முடிவெடுக்கிறார். அந்த முடிவுகள் ஆண்டுக்கணக்கில் ஒரே பக்கம் சாயும்போது பாணி பிறக்கிறது. முடிவெடுக்க வேண்டுமானால் கைவசம் வழிகள் பல இருக்க வேண்டும். அவற்றைத் தருவதுதான் நுட்பம்.

இதற்கு வங்க ஓவியர் ஜாமினி ராய் ஒரு சான்று. 16 வயதில் கல்கத்தா அரசு ஓவியப் பள்ளியில் சேர்ந்து, ஐரோப்பிய முறையைத் தேர்ந்து கற்று, உருவப்படங்கள் வரைந்து வாழ்ந்தவர். 1920களில் அதைத் துறந்து கல்கத்தாவின் காளிகாட் கோயிலையொட்டி வளர்ந்த படங்களின் பக்கமும், தான் பிறந்த பாங்குரா மாவட்டத்து நாட்டார் கலையின் பக்கமும் திரும்பினார். அகன்ற கண்களும் தடித்த கோடுகளும் கொண்ட அவர் உருவங்கள் எளிமையாகத் தெரிகின்றன. நிழல் வைக்கத் தெரிந்த கை அதை வேண்டாமென்று விட்டதால் வந்த எளிமை அது. சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, 1957இல் அதன் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கரும் நீர்வண்ண நிலக்காட்சிகளில் தேர்ந்தவர். எழுத்துப்போலத் தோன்றினாலும் வாசிக்க முடியாத வரிகளும் ஜாதகக் கட்டம் போன்ற வடிவங்களும் நிறைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையை அவர் தொடங்கியது 1963இல், தம் ஐம்பதுகளில்.

அப்படியானால் பாணி பிந்தித்தானே வருகிறது, பள்ளியில் அதைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. பதினாறு வயதில் பாணியைக் கண்டுபிடி என்று நெருக்கினால், பிள்ளைகள் பிரபலமான ஒருவரின் பாணியை எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். பள்ளி தர வேண்டியது தேர்ந்தெடுக்கும் பழக்கத்தை. நீர்வண்ணத்தில் பித்தளைக் குடம் வரைவதையே எடுத்துக்கொள்வோம். அங்கே பளபளப்பு என்பது காகிதத்தின் வெள்ளை. எங்கே வண்ணம் படாமல் விடுவது என்பதைத் தூரிகையை நனைக்கும் முன்பே தீர்மானிக்க வேண்டும். காவி மஞ்சளை மெல்லியதாகப் பூசி, ஈரம் இருக்கும்போதே பழுப்பைத் தொட்டால் விளிம்பு கரைந்து பரவும். காய்ந்தபின் தொட்டால் வெட்டினாற்போல நிற்கும். இதில் ஒன்றைச் சரி, மற்றதைத் தப்பு என்று ஆசிரியர் திருத்தினால் மாணவி கற்பது கீழ்ப்படிதல். இரண்டு விதமாகவும் வரையச் சொல்லி, எது உனக்கு வேண்டும், ஏன் என்று இரண்டு வரி எழுதச் சொன்னால், அதே பாடவேளையில் நுட்பமும் வருகிறது, அவளுடைய பார்வையும் வெளிப்படுகிறது.

நிழலுக்கு மதிப்பெண் போடலாம், பார்வைக்கு எப்படிப் போடுவது என்பது ஆசிரியர்களின் உண்மையான கவலை. அதற்கும் வழி இருக்கிறது. இங்கிலாந்தின் பள்ளியிறுதித் தேர்வான ஏ லெவலில், ஓவியப் பாடத்துக்கான 60 சதவீத மதிப்பெண், மாணவர் தாமே தேர்ந்த பொருளில் செய்யும் பணிக்கு. அதோடு குறைந்தது 1,000 சொற்களில் எழுத்தும் தர வேண்டும். எத்தனை வழிகளை முயன்று பார்த்தார், எடுத்த நுட்பம் சொல்லவந்ததற்குப் பொருந்துகிறதா என்பதை ஸ்கெட்ச் புத்தகத்தைப் புரட்டினாலே மதிப்பிடலாம். ரசனைக்கு மதிப்பெண் போட வேண்டியதில்லை. பொதுத்தேர்வு நெருக்கடியில் ஓவிய வகுப்புக்குக் கிடைக்கும் நேரம் குறைவுதான். ஆனால் நேரம் குறைவு என்பதற்காகவே அதைப் பார்த்து வரைவதில் மட்டும் செலவழிப்பது வீண். இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஓவியர் ஆகப்போவதில்லை. செய்த வேலையைச் சுட்டி ‘இப்படிச் செய்தேன், இதனால் செய்தேன்’ என்று சொல்லும் தெளிவு எல்லோருக்கும் வேண்டும். அதை ஓவிய வகுப்பால் தர முடியும்.