நிரந்தர ஒப்பனை நிறம் மாறிவிட்டதா?
மூத்தோருக்கான விளக்கக் குறிப்பு

தினமும் காலையில் புருவம் எழுதும் வேலை மிச்சம் என்று எண்ணிப் பல ஆண்டுகளுக்கு முன்பு புருவத்தில் மை குத்திக்கொண்டீர்களா? ‘புருவ எம்பிராய்டரி’ என்ற பெயரில் சிங்கப்பூரில் பலர் இதைச் செய்துகொண்டார்கள். சிலர் கண்ணிமை ஓரத்திலும் உதட்டிலும் குத்திக்கொண்டார்கள்.

இன்று அந்தப் புருவம் நீலமாகவோ செம்மையாகவோ தெரியலாம். கோடு தடித்துப் பரவியிருக்கலாம். இதற்காக வெட்கப்படவோ, வெளியே போவதைக் குறைத்துக்கொள்ளவோ தேவையில்லை. என்ன செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதை இந்தக் குறிப்பு விளக்குகிறது.

ஏன் இப்படி மாறுகிறது?

நிரந்தர ஒப்பனை என்பது ஒரு வகைப் பச்சை குத்துதல்தான். ஊசி வழியாகச் சாயத்தைத் தோலின் மேலடுக்குக்குக் கீழே செலுத்துகிறார்கள். உங்கள் பாட்டியின் கையில் இருந்த பச்சையை நினைத்துப் பாருங்கள். குத்தியது கரிய மை. ஆனால் கண்ணுக்கு நீலப்பச்சையாகத் தெரிந்தது. தோலுக்கு அடியில் உள்ள கறுப்பு, வெளியே பார்ப்பவருக்கு நீலமாகவே தோன்றும். புருவத்திலும் அதுவேதான் நடக்கிறது.

பழுப்புச் சாயம் பல நிறங்களின் கலவை. வெயிலாலும், உடல் சாயத்துகள்களைச் சிறிது சிறிதாக அகற்றுவதாலும் சில நிறங்கள் முதலில் மங்கிவிடும். எஞ்சி நிற்பது பெரும்பாலும் இரும்புச் சாயத்தின் செம்மை.

வயதும் ஒரு காரணம். தோல் மெலிந்து தளரும்போது புருவமும் கண்ணிமையும் சற்றுக் கீழே இறங்குகின்றன. நாற்பது வயதில் பொருந்திய கோடு, எழுபது வயதில் இடம் மாறியதுபோல் தெரிவது இதனால்தான்.

இதனால் உடலுக்குக் கெடுதலா?

நிறம் மாறுவதும் மங்குவதும் நோய் அல்ல. உங்களுக்குத் தொந்தரவு இல்லை என்றால் அப்படியே விட்டுவிடலாம். அதுவும் சரியான முடிவுதான்.

ஆனால் கீழே உள்ளவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்:

• மை குத்திய இடத்தில் தீராத அரிப்பு, வீக்கம் அல்லது செதில்
• தொட்டால் தட்டுப்படும் சிறு கட்டிகள் (குத்திப் பல ஆண்டுகள் கழித்தும் வரலாம்)
• ஆறாத புண், இரத்தக் கசிவு, அல்லது அந்த இடத்தில் வளரும், நிறம் மாறும் மச்சம்
• கண்ணிமையில் மை குத்தியவர்களுக்குக் கண் எரிச்சல், உறுத்தல், வறட்சி

வீட்டில் செய்யக்கூடாதவை

எலுமிச்சைச் சாறு, உப்பு, பிளீச், மரு எடுக்கும் மருந்து ஆகியவற்றைத் தேய்த்து மையை எடுக்க முயலாதீர்கள். சாயம் ஆழத்தில் இருக்கிறது. இவை மேல்தோலைத்தான் புண்ணாக்கும். மை அங்கேயே இருக்கும். புண் ஆறிய இடத்தில் கருந்தழும்போ, மேடாக வளரும் கீலாய்டு தழும்போ வரலாம். நம்மைப் போன்ற மாநிறம், கறுப்பு நிறத் தோலில் இந்த ஆபத்து கூடுதல். நீரிழிவு உள்ளவர்களுக்குப் புண் ஆறுவதும் தாமதமாகும்.

தலைமுடிச் சாயத்தைப் புருவத்தில் பூசி மறைப்பதும் வேண்டாம். ஒவ்வாமை ஏற்பட்டால் கண்ணும் சேர்ந்து வீங்கிவிடும்.

தோல் நிறச் சாயத்தை மேலே குத்தி மறைக்கலாம் என்று சிலர் சொல்லக்கூடும். அதில் உள்ள வெள்ளைச் சாயம் பின்னாளில் லேசர் பட்டால் சாம்பலாகவோ கறுப்பாகவோ மாறலாம். அதன்பிறகு அதை எடுப்பது இன்னும் கடினம்.

என்ன வழிகள் உள்ளன?

1. ஒப்பனையால் மறைத்தல். இதில் ஆபத்து மிகக் குறைவு. நீலம் தெரிந்தால், சற்று ஆரஞ்சு கலந்த மறைப்புக் கிரீமை முதலில் மெல்லத் தடவி, பிறகு உங்கள் தோல் நிறப் பவுடரைப் போடுங்கள். அதன்மேல் புருவப் பென்சிலால் எழுதுங்கள். சற்றுத் தடித்த சட்டம் உள்ள மூக்குக்கண்ணாடியும் கைகொடுக்கும்.

2. லேசர் சிகிச்சை. லேசர் ஒளி சாயத்தைச் சிறு துகள்களாக உடைக்கும். உடல் அவற்றை மெல்ல அகற்றும். ஒரே முறையில் முடியாது. சில வாரங்கள் இடைவெளி விட்டுப் பல முறை செய்ய வேண்டும். முழுவதும் போய்விடும் என்று யாராலும் உறுதி கூற முடியாது. புருவ முடி சிறிது காலம் வெளுத்துப் போகலாம். இரும்புச் சாயமும் லேசர் பட்டுக் கறுத்துவிடக்கூடும் என்பதால், முதலில் ஒரு சிறு இடத்தில் மட்டும் சோதித்துப் பார்ப்பது நல்லது. ஏற்கெனவே அந்த மையால் ஒவ்வாமை இருந்தால், உடைந்த துகள்கள் அதைக் கூட்டலாம். ஆகவே முன்கூட்டியே சொல்லுங்கள்.

3. அறுவை சிகிச்சை. மற்ற வழிகள் பொருந்தாதபோது சிலருக்கு மருத்துவர் இதை யோசிக்கலாம். தழும்பு இருக்கும்.

லேசர் சிகிச்சையைப் பதிவுபெற்ற மருத்துவரிடமே செய்துகொள்ளுங்கள். கண்ணிமையில் செய்யும்போது கண்விழியின் மேல் பாதுகாப்புக் கவசம் வைக்க வேண்டும். அது இல்லாமல் செய்ய ஒருபோதும் சம்மதிக்காதீர்கள், பார்வையே பாதிக்கப்படலாம்.

எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கப் போகிறீர்களா?

இதை அவசியம் நினைவில் வையுங்கள். சில சாயங்களில் இரும்பு உள்ளது. எம்ஆர்ஐ கருவியின் காந்தத்தால் அந்த இடம் சூடாகலாம், எரியலாம், வீங்கலாம். இது அரிதாகவே நடக்கும். கண்ணைச் சுற்றிய படமும் தெளிவு குறையலாம்.

அதனால் ஸ்கேனைத் தவிர்க்காதீர்கள். நோயைக் கண்டறியாமல் விடுவதுதான் பெரிய ஆபத்து. ஸ்கேனுக்கு முன் ஊழியரிடம், “எனக்குப் புருவத்திலும் இமையிலும் மை குத்தியிருக்கிறது” என்று சொல்லிவிடுங்கள். உள்ளே இருக்கும்போது சூடோ எரிச்சலோ உணர்ந்தால், பொறுத்துக்கொள்ளாமல் கையில் கொடுத்த அழைப்புப் பொத்தானை உடனே அழுத்துங்கள். பார்ப்பதற்கு இயற்கையாகத் தெரியும் மையை ஊழியர் கவனிக்காமல் போகலாம். நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

யாரிடம் போவது? செலவு எப்படி?

அரிப்பு, கட்டி, புண் போன்ற சிக்கல் இருந்தால் முதலில் உங்கள் குடும்ப மருத்துவரையோ பலதுறை மருந்தகத்தையோ நாடுங்கள். தேவைப்பட்டால் அங்கிருந்து தேசிய சரும நிலையத்திற்கோ மருத்துவமனைக்கோ பரிந்துரைப்பார்கள்.

அழகுக்காக மட்டும் செய்யும் சிகிச்சைக்கு மெடிசேவ் பணத்தைப் பயன்படுத்த முடியாது. மெடிஷீல்டு லைஃப் காப்புறுதியும் அதற்குக் கிடையாது. ஆகவே மொத்தம் எத்தனை முறை, எவ்வளவு செலவு என்று முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முழுத் தொகுப்புக்கும் இன்றே பணம் கட்டச் சொன்னால், வீட்டில் கலந்து பேசிவிட்டு வருகிறேன் என்று சொல்லி வந்துவிடலாம்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

• எந்த ஆண்டு வாக்கில், எத்தனை முறை மை குத்தினீர்கள்
• நீரிழிவு, ஒவ்வாமை, கீலாய்டு தழும்பு உண்டா
• உட்கொள்ளும் எல்லா மருந்துகளும், குறிப்பாக இரத்தத்தை இளக்கும் மருந்து (அதை நீங்களாக நிறுத்தாதீர்கள்)

பழைய புகைப்படம் இருந்தால் கொண்டு போங்கள். தமிழில் பேசுவதே வசதி என்றால் மகனையோ மகளையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். அல்லது தமிழ் பேசும் ஊழியர் இருக்கிறாரா என்று கேளுங்கள்.

சிகிச்சைக்குப் பிறகு

மருத்துவர் சொன்னபடி இடத்தைச் சுத்தமாக வைத்திருங்கள். பொருக்கை உரிக்காதீர்கள். வெளியே போகும்போது குடையோ தொப்பியோ வேண்டும்.

சிவப்பு பரவினாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள். கண்ணில் கடும் வலி, பார்வை மங்கல், வெளிச்சம் பார்த்தால் கூசுதல் ஆகியவை இருந்தால் காத்திருக்காமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.